ஒரு பாலாடைப் பால்

தேயிலைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் தபித்தாள் அம்மாள் ஏறி வருவது தெரிந்தாலே தினகரன் வெளியே கிளம்பச் செருப்பைத் தேடுவான். அன்றும் தேடினான்.

கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் தொழிலாளர் லைன் வீடு அது. முன்னறையில் அவன் மனைவி தேவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து, மூக்கு நீண்ட சின்னப் பாலாடைக் கிண்ணத்தால் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதக் குழந்தை தன்ஷிகாவுக்கு மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது. மார்பில் வாய் வைத்து உறிஞ்ச அவளால் முடியாது. தேவி பாலைப் பீய்ச்சி எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவாள். பாதி வயிற்றுக்குள் போகும், பாதி மூக்கு வழியே வெளியே வரும். ஒரு வேளைப் பால் முடிவதற்குள் அவள் முதுகு ஒடிந்துவிடும்.

ஜன்னலில் சாக்குப் படுதா கட்டியது தினகரன்தான். குளிருக்கு என்று சொல்லிக்கொண்டான். குளிர் அந்த லைனில் எல்லா வீட்டுக்கும்தான் இருந்தது, படுதா மட்டும் இவன் வீட்டில்தான் தொங்கியது. பெற்ற பிள்ளையை இத்தனை நாளில் அவன் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. அவன் வேலை பார்க்கும் தேயிலை ஃபாக்டரியில் யாராவது "பாப்பா எப்படி இருக்கு?" என்று கேட்டால், கேட்டவன் காலில் எதையாவது போட்டுவிடலாமா என்று தோன்றும் அவனுக்கு.

தபித்தாள் அம்மாளும் அவர் கணவர் சுவிசேஷமுத்துவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இந்த மலையில் மிஷன் ஊழியம் செய்கிறவர்கள். கோயம்புத்தூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இந்தக் குறைக்கு இலவசமாக ஆப்பரேஷன் செய்கிறார்கள் என்று தேவியிடம் சொன்னவர்கள் அவர்கள்தான். முதல் தடவை கூட்டிப்போனபோது எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை மலைக்குளிர் கொடுத்த சளி கெடுத்தது. பட்ட காலிலேதானே படும். அதன் பிறகு வாராவாரம் தபித்தாள் அம்மாள் தராசைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறி வந்தார்.

இந்த முறை தராசைப் பார்த்துவிட்டு அவர் முகம் மலர்ந்தது. "எடை வந்துட்டும்மா! சளியும் இல்ல. நாளைக்கே கீழ எறங்கிரணும். ஆப்பரேஷனுக்குன்னு வெளியூர்ல இருந்து வந்திருக்க டாக்டர்மாரு இந்த வாரத்தோட கிளம்பிருதாங்க. விட்டா இனி எப்ப வருவாங்கன்னு சொல்ல முடியாது."

தேவி வாய்விட்டு அழுதாள். அம்மாள் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கியதும் தினகரன் வெளியே போனான். அதுவும் வழக்கம்தான்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் அவன் பெரியப்பா வீரையா நின்றிருந்தார். லைனில் பெரிய வாய் அவருக்குத்தான். "சும்மா ஆருடா ஆப்பரேஷன் பண்ணுவான்? இன்னிக்குப் புள்ளைக்கு ஒதட்டைத் தெப்பான், நாளைக்கு உம்பேரை மாத்துவான். வேதக்காரங்க கணக்கு உனக்கென்ன தெரியும்? கிரகணத்தன்னிக்கு வயித்துப் புள்ளையோட காட்டுல போயி நின்னாளே உம்பொண்டாட்டி. அதுக்கு வந்த வெனை இது. ஆப்பரேஷன்ல தீருமா?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது?  ஆனாலும் தினகரன் ஃபாக்டரியில் லீவு சொன்னான். தேவியின் அழுகைக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

மறுநாள் மிஷன் ஜீப்பில் மலை இறங்கினார்கள். வழியெல்லாம் பாப்பாவின் முகத்தின்மேல் துண்டு கிடந்தது. போட்டது தினகரன்தான்.

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடிந்து, மறுநாள் காலை ஆப்பரேஷன் என்று ஆயிற்று. அன்று சாயங்காலம் வார்டுக் கட்டிலைச் சுற்றி நின்று சுவிசேஷமுத்து ஜெபம் தொடங்கினார். தினகரன் வராந்தாவுக்குப் போய், கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜெபத்துக்குப் பின் டாக்டர் சொல்லியனுப்பிய விவரங்களையெல்லாம் தபித்தாள் அம்மாள் தேவிக்கு விளக்கினார். அது எதுவும் இவன் காதில் விழவில்லை. அவன் திரும்பி வந்தபோது கடைசிப் பேச்சுதான் கேட்டது.

"காலையில ஒரு சொட்டுப் பால்கூடக் குடுத்திரக் கூடாதும்மா. நாங்களும் நாளைக்கு உபவாசம் இருக்கோம். ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

தினகரனுக்குச் சுருக்கென்றது. அவன் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டான். ஓகோ, இவர்கள் விரதம் இருந்தால் என் பிள்ளையும் இருக்க வேண்டுமா? பால்குடி மறக்காத பச்சைக் குழந்தைக்கு உபவாசமா? பெரியப்பா சொன்னது இதுதான், இங்கேதான் ஆரம்பம் என்று நினைத்தான்.

கேட்டிருக்கலாம். ஏன் கொடுக்கக் கூடாது என்று தேவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் வேதக்காரர் சொன்னதற்குப் பெண்டாட்டியிடம் போய் அர்த்தம் கேட்பதாவது! ஆம்பிளை கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அது குறுக்கே வந்து நின்றுகொண்டது.

விடிந்ததும் பாப்பா பசியில் வீறிட்டாள். அந்தப் பிளந்த வாயிலிருந்து வரும் அழுகை வேறு மாதிரி இருக்கும். "பாத்துக்குங்க, குளிச்சுட்டு வந்துர்றேன்" என்று தேவி போனாள். அவள் தலை மறைந்ததும் தினகரன் கட்டிலில் கிடந்த பாப்பாவுக்குத் தலையணையை அணை கொடுத்துவிட்டுக் கீழே டீக்கடைக்கு ஓடி, ஒரு டம்ளர் பசும்பாலை ஆற்றி வாங்கி வந்தான். தேவியின் பையிலிருந்து பாலாடையை எடுத்தான். பிறகு முதல் தடவையாகத் தன் மகளைத் தூக்கினான்.

 தேவி பிடிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், அதே மாதிரி நிமிர்த்திப் பிடித்தது. முதல் சொட்டில் குழந்தை அழுகையை நிறுத்தினாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு விழுங்கினாள். மூக்கில் வழிந்ததை அவன் துண்டால் ஒற்றினான். இத்தனை நாளும் பார்க்கக் கூசிய முகம் அது. இப்போது அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இரண்டு பாலாடை குடித்தாள், மூன்றாவதும் குடித்தாள்.  டம்ளரை ஒளித்து, பாலாடையைக் கழுவிப் பையில் வைத்தான்.

ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் கேட்டாள். "பால் எதுவும் குடுக்கலயே?"

"ஒரு சொட்டுக்கூட இல்லீங்க" என்றாள் தேவி.

நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். கதவு மூடியது. தினகரன் தூணோரம் நின்று, யாருக்கும் தெரியாமல் ஜெயித்துவிட்ட திருப்தியில் இருந்தான். பக்கத்துப் பெஞ்சில் நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவர், அழும் மகனை மடியில் வைத்துச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். பெயர் செல்லக்கண்ணு, நடுவட்டத்திலிருந்து வந்தவர்.

"உங்களையும் உபவாசம் இருக்கச் சொல்லிட்டாங்களா?" என்று தினகரன் கிண்டலாகக் கேட்டான்.

"உபவாசமா? அட, நீங்க வேற! மயக்க மருந்து குடுக்கறப்ப வயித்துல பால் இருந்துச்சுன்னா, அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிருமாமுங்க. மூச்சு நின்னு புள்ளை அங்கயே போயிரும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. உங்ககிட்டச் சொல்லலியா?"

 சொல்லியிருப்பார்கள். தினகரன்தான் அப்போது வராந்தாவில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனிதப் புத்தி அந்த நேரத்திலும் எப்படிப் போகிறது பாருங்கள். பாதிப் பால் மூக்கில் வந்துவிட்டதே, மிச்சம் கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது என்று ஒரு நினைப்பு. சொன்னால் ஆப்பரேஷன் நிற்கும், டாக்டர்கள் போய்விடுவார்கள், தேவி இனி என் முகத்தில் விழிப்பாளா என்று இன்னொரு நினைப்பு. சொல்லாவிட்டால்? கதவுக்கு அந்தப் பக்கம் பாப்பாவின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. சட்டென்று அது நின்றது.

"ஐயோ, நிறுத்துங்க!" தினகரன் கதவில் போய் மோதினான். இரண்டு கையாலும் அறைந்தான். "பால் குடுத்துட்டேனுங்க! நாந்தானுங்க குடுத்தேன்! எம்புள்ளையக் கொன்னுராதீங்க!"

கதவு திறந்தது. மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்தார். "எவ்வளவு குடுத்த? எப்போ குடுத்த?" என்று கேட்டவர், பதிலைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாஸ்க்கைக் கையில எடுத்துட்டேன்யா. இன்னும் கொஞ்சம் நேரம் நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா பொணத்தைத்தான் வாங்கிட்டுப் போயிருப்ப."

நர்ஸ் பாப்பாவைக் கொண்டுவந்து தேவியின் கையில் கொடுத்தாள். ஏதோ பொம்மையைக் காட்டியதில்தான் அழுகை நின்றிருக்கிறது. தேவி புருஷனையே பார்த்தாள். அவள் கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"நீங்களா புகட்டுனீங்க?" என்றாள் மெதுவாக. "குடிச்சாளா?"

அவன் தலையாட்டினான். அதன் பிறகுதான் அவள் உடைந்தாள்.

"கிரகணத்தன்னிக்குக் காட்டுக்குப் போனவள்னு லைனே என்னைக் காறித் துப்புச்சு. நீங்க பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தீங்க. அன்னிக்கு ஒடம்பு முடியலீங்க, ஊட்டுல இருக்கறேன்னு சொன்னப்ப, லீவு போட்டா சம்பளம் போயிரும்னு என்னைக் கொழுந்தெடுக்கத் தொரத்துனது ஆருங்க? அதை ஒரு நாளாச்சும் ஆருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

தினகரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். திரும்பிப் போகவிருந்த டாக்டர் நின்றார். "கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. வயித்துல வளரும்போது உதடு ஒண்ணா சேராமப் போயிருக்கு. யாருக்கு வேணும்னாலும் இப்படிப் பொறக்கலாம். இதுல உன் தப்பு எங்க வந்துச்சு?" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "வயிறு காலியாகணும். சாயங்காலம் கடைசியா நேரம் இருந்தா பார்க்கறோம். வாக்குக் குடுக்க மாட்டேன்."

சுவிசேஷமுத்து வந்து தினகரன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். உபவாசத்தில் அவர் முகம் வாடியிருந்தது. தினகரன் தலை நிமிராமல் தான் நினைத்ததையெல்லாம் சொன்னான்.

 "எங்க மேலயும் தப்பு இருக்கு தம்பி" என்றார் அவர். "டாக்டர் சொன்னதையும் எங்க ஜெபத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டோம். நீங்க எந்திரிச்சுப் போறதைப் பாத்தோம்லா, கூப்பிட்டுத் தனியாச் சொல்லியிருக்கணும். உங்க சாமி உங்களுக்கு இருக்கட்டும் தம்பி. எங்களுக்குப் பிள்ளை பிழைச்சாப் போதும்."

அந்தப் பகல் ஒரு யுகமாக நீண்டது. பாப்பா பசியில் கத்திக் கத்தித் தொண்டை கம்மினாள். கொடுக்கப் பால் இருந்தும் கொடுக்கக் கூடாது. தேவி ஓய்ந்து சுவரில் சாய்ந்துவிட, தினகரன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தான். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பாப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவனுக்கு அது உறைக்கவே இல்லை. கடைசிக் குழந்தை உள்ளே போய் வெளியே வந்தது. இனிமேல் நேரம் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. தினகரன் எதிர்ப்பட்ட நர்ஸிடமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டான்.

வெயில் சாயும் நேரத்தில் கூப்பிட்டார்கள். தேவியும் தினகரனும் மூடிய கதவைப் பார்த்தபடி நின்றார்கள். இந்தத் தடவை ஜெபம் நடந்தபோது அவன் எழுந்து போகவில்லை. கும்பிடவும் இல்லை, சும்மா நின்றான்.

விளக்கு வைத்த பிறகு டாக்டர் வந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். தேவி தபித்தாள் அம்மாளின் தோளில் சரிந்து அழுதாள். உள்ளே எட்டிப் பார்த்த தினகரனுக்கு, வீங்கிச் சிவந்த தையலுக்குக் கீழே ஒரு முழு உதடு தெரிந்தது.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. பெரியப்பா வீரையா.

"என்னடா, எல்லாரையும் தண்ணியில முக்கி எடுத்துட்டாங்களா? புள்ளைக்கு என்ன பேரு வெச்சாங்க?"

தினகரன் தேவியின் பக்கத்தில் வந்து நின்று, அவளுக்கும் கேட்கும்படி பேசினான்.

"பேரு தன்ஷிகாதானுங்க பெரியப்பா, அப்படியேதான் இருக்குது. இனிமேல் ஆரும் கிரகணம், சாபம்னு எங்க ஊட்டு வாசல்ல வந்து பேச வேண்டாமுங்க. அன்னிக்கு அவளைக் காட்டுக்கு அனுப்புனதே நாந்தான். பொறவிக் கொறைக்கு ஆரும் பொறுப்பில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூடி மூடி வெச்சதும், தெரியாததைக் கேக்க வெக்கப்பட்டதும்தான் பாவமுங்க. பொளந்த ஒதடு எம்புள்ளையக் கொல்லப் பாக்கலீங்க பெரியப்பா. ஒரு வார்த்தை கேக்காம இருந்த என்னோட வாய்தான் கொல்லப் பாத்துச்சு."