சாவடிச் சிப்பாய் வேஷம்

இந்தக் காலத்தில் ஒருவனைப் பெரிய மனுஷனாக்க ஜனங்களுக்கு அரை நாள் போதும். தலையைப் படிய வாரி, தோளில் சரிகைத் துண்டு போட்டு, நாலு பாட்டை எடுத்துவிட்டால் 'வாத்தியாரே' என்று கும்பிடுகிறார்கள். நேற்று வரைக்கும் அவன் என்ன பிழைப்புப் பிழைத்தான் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. தாண்டவராயனைத்தான் சொல்கிறேன்.

வளவனூருக்குக் கிழக்கே, புதுச்சேரி ரோட்டில் இருந்த சோதனைச் சாவடியில் பதினோரு வருஷம் நான் சிப்பாய். புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலம் அது. அங்கிருந்து வருகிற பஸ், மாட்டு வண்டி, நடை ஆள் எல்லாம் சாவடியில் நின்றாக வேண்டும். சீமைச் சாராயம், கைக்கடிகாரம், சென்ட் புட்டி, பட்டுத் துணி என்று எது இருந்தாலும் பிடிப்போம். மூட்டையைப் பிரித்துப் பார்த்து, சரியாக இருந்தால் சாக்கட்டியால் அதன் மேல் ஒரு பெருக்கல் குறி போடுவேன். எனக்கு எழுதத் தெரிந்தது என் கையெழுத்தும் அந்தப் பெருக்கலும்தான். அது இல்லாவிட்டால் கலெக்டரின் மாமியாராக இருந்தாலும் கேட்டுக்கு அந்தப் பக்கம் போக முடியாது.

தாண்டவராயன் கடத்துகிறான் என்பது ஊருக்கே தெரியும். வாரத்துக்கு இரண்டு தடவை வருவான். பதினோரு வருஷத்தில் ஒரு சென்ட் புட்டிகூட அவனிடம் நான் பிடித்ததில்லை. எப்போது பிரித்தாலும் கருவாடும் கந்தல் துணியும்தான்.

ஐம்பத்து நாலில் புதுச்சேரி நம்மோடு சேர்ந்தது. எல்லை போனதும் சாவடி போயிற்று, என் வேலையும் போயிற்று. காக்கிக் கோட்டு மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. கட்டடத்தில் ஆடு அடைந்தது. கதவை யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐந்து வருஷம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன். அதில் ஏதாவது செய்யலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, தாண்டவராயனுக்குத் தோன்றியது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பஞ்சாயத்து பிரசிடெண்டு கோதண்டபாணியைப் பிடித்து அங்கே நாடகம் நடத்த அனுமதி வாங்கினான். கொத்தனார் சவுரிராயன் கூலி வாங்காமல் சுவரைப் பூசிக் கொடுத்தார். நாங்கள் மூட்டை பிரிக்கிற மேடையே நாடக மேடை ஆயிற்று. காலையில் பிள்ளைகளுக்குக் கோலாட்டம், சாயங்காலம் ஒத்திகை. என் பெண்டாட்டி கெங்கம்மாள் போய்த் திரை தைத்துக் கொடுத்தாள். என் சட்டைக்கு ஒரு பொத்தான் வைக்க அவளுக்கு ஒரு மாதம் ஆகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் பெட்டியைத் திறந்து என் கோட்டை வெளியே எடுத்தாள்.

"இன்னாத்துக்கு அத்த எடுக்கிற?"

"சாவடி நாடகம் போடறாங்க. சிப்பாய் வேஷத்துக்கு ஓணும்னு கேட்டாரு."

"எவன் சிப்பாய்?"

"அவருதான், தாண்டவராயன்."

"கடத்துனவன் சிப்பாயா?"

"அந்தக் கதைய இன்னும் இன்னாத்துக்குப் பேசிக்கினு? எவ்ளோ தமாஷா பண்றாரு, வந்து பாருங்களேன்."

கேட்டாரு, பண்றாரு. கோட்டை அவள் கையிலிருந்து பிடுங்கி நானே போட்டுக்கொண்டேன். வயிற்றில் பொத்தான் சேரவில்லை. அப்படியே கிளம்பினேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

சாவடியில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் சாய்ந்து சாய்ந்து கறுத்துப்போன சுவர் இப்போது வெள்ளைவெளேரென்று இருந்தது.

"சிப்பாய் வேஷம் நான் கட்டறேன். வேற எவனும் கட்டக் கூடாது," என்றேன்.

தாண்டவராயன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. "வாங்கண்ணே! நெஜ சிப்பாயே வந்தப்புறம் நான் எதுக்கு?" என்று கையைப் பிடித்து மேடையில் ஏற்றினான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சவுரிராயன் பிரயாணியாக மூட்டையோடு வந்தார். சும்மா பிரித்து மூடுவதா? வேட்டியை உதறினேன், மடிப்பைத் தடவினேன், சொம்புக்குள் கைவிட்டேன், செருப்பைத் தட்டிப் பார்த்தேன், கருவாட்டை ஒவ்வொன்றாக முகர்ந்தேன். பழகின வேலை, ஒன்றையும் விடவில்லை. கீழே ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டு பெண்கள் அரிசி விலை பேச ஆரம்பித்தார்கள்.

"இன்னா துரைக்கண்ணு, ஜல்தி முடிப்பா. விழுப்புரம் பஸ்ஸு பூடும்," என்றார் கோதண்டபாணி.

"சோதனைன்னா சோதனைதான். நெஜமா இப்டித்தான் பண்ணுவோம்."

"நெஜமா பண்ணப்பவும் எங்களுக்குக் கொட்டாவிதான் வந்துச்சு," என்றார் சவுரிராயன். அதற்குத்தான் முதல் சிரிப்பு எழுந்தது.

"ஒரு தபா நான் காட்டட்டுமாண்ணே?" என்று தாண்டவராயன் மேடைக்கு வந்தான். கோட்டைக் கேட்கவில்லை. தொந்தியை முன்னால் தள்ளி, கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, காதில் சாக்கட்டியைச் செருகி நின்றான். "ம்... பிரி!" என்று மூக்கால் சொன்னான். கூட்டம் குலுங்கியது. பதினோரு வருஷம் நான் அவன் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அதோடு விடவில்லை. இந்தப் பக்கம் வந்தால் சிப்பாய், அந்தப் பக்கம் போனால் கடத்துகிறவன் என்று ஒரே ஆளாக மாறி மாறி நின்றான். கடத்துகிறவனுக்கு இரண்டு மூட்டை. சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு கருவாட்டு மூட்டையைக் கிளறும்போது, கடத்துகிறவன் இடுப்பிலிருந்து தன் சாக்கட்டியை எடுத்து மற்ற மூட்டையில் ஒரு பெருக்கல் போட்டான். பார்த்து முடித்து ஒதுக்கிய மூட்டைகளோடு அதைக் காலால் தள்ளிவிட்டான். அது என் பெருக்கல். நான் போடுகிற மாதிரியே சாய்ந்திருந்தது.

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கெங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவன் என்னை ஏமாற்றியது அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது அந்தச் சிரிப்பு.

"பிரசிடெண்டு சொல்லட்டும். யாரு சிப்பாய்?" என்றேன்.

கோதண்டபாணி தரையைப் பார்த்தார். "நீ நெஜமான சிப்பாய், அது யாருக்குத் தெரியாது? நாடகத்துக்கு அவன் இருக்கட்டும்பா."

"பக்கத்துல இருந்து தப்பு இருந்தா சொல்லுங்கண்ணே," என்றான் தாண்டவராயன்.

"எல்லாமே தப்பு. நான் மூக்கால பேசல."

மறுபடியும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"கெங்கம்மா, வா, பூடலாம்."

"நீங்க முன்ன போங்க. திரைல ஒரு மடிப்பு பாக்கி இருக்குது."

இறங்கி ரோட்டுக்கு வந்தேன். பின்னால் ஒத்திகை மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஊர் கூடி வெள்ளையடித்துவிட்டால் கடத்தினவன் கலைஞன் ஆகிவிடுவானா? சாக்கட்டிக் கதையும் அவன் கைதட்டலுக்காகக் கட்டியதாகத்தான் இருக்கும். என் கண்ணெதிரே ஒருவன் பெருக்கல் போட்டுவிட்டுப் போயிருக்கவே முடியாது. எத்தனை பேர் சிரித்தாலும் அதை நான் நம்பப் போவதில்லை. வளவனூரைப் பார்த்து வேகமாக நடந்தேன்.