பார்க்காமல் தட்டிய எழுத்துகள்

கணவருடைய போனின் முதுகைத் திறந்து அவள் பாட்டரியைக் கழற்றினாள். பத்து எண்ணிவிட்டு மறுபடி மாட்டினாள். சின்னத் திரையில் மணல் கடிகாரம் சுழல ஆரம்பித்தது.

"இன்னும் ஆகலையா அண்ணி? ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லணுமே," என்றான் கொழுந்தன்.

"அஞ்சு நிமிஷம் ஆகும். அவசரப்பட்டா மறுபடியும் மக்கர் பண்ணும்."

கூடத்தில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். விடியும்போது ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்திருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி கொடுத்த இந்த போனில் அரிசிமணி போல வரிசையாகப் பொத்தான்கள். சாப்பிடும்போதும் இரண்டு கட்டைவிரலும் அதில்தான். "சக்களத்தியைக் கீழ வைங்க, சாப்பாடு ஆறுது" என்று எத்தனை நாள் கத்தியிருப்பாள்.

தொண்டையில் கட்டி என்று அறுத்ததில் குரல் போயிற்று. மகள் தொடுதிரை போன் ஒன்று வாங்கி வந்தாள். ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழையதில் தட்டிக் காட்டினார்: 'அதுல எழுதினா கண்ணு அதுலயே இருக்கணும்.'

அப்புறம் இரண்டு மாதம், போனை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, விரல்கள் தாமாகப் பொத்தான்களைத் தேட, அவள் முகத்தையே பார்த்தபடி பேசினார். 'நீ சாப்ட்டியா.' 'ஏன் கண்ணு சிவந்திருக்கு.' கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவளை அவ்வளவு நேரம் பார்த்ததேயில்லை. சில நாள் புரிந்த பிறகும், "என்னங்க, புரியலையே" என்பாள். அவர் சலிக்காமல் மறுபடி தட்டுவார்.

போன் விழித்துக்கொண்டது. திரையில் பெயர்களை நகர்த்தும் உருட்டுக் குண்டு மேலே உருண்டது. கீழே உருள மறுத்தது. "குடுங்க அண்ணி, நான் பாக்கறேன்," என்று கொழுந்தன் கை நீட்டினான். அவள் தரவில்லை.

அதற்குள் மணி அடித்தது.

"சார், நான் ஸ்டேஷன் எதிர் ஃப்ளாட்ஸ் வாட்ச்மேன் பேசறேன். மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல லிஃப்ட் நின்னுடுச்சு சார்!"

சாப்பாட்டு நேரங்களில் அவர் போனில் கேட்டுக் கேட்டு அவள் காதுக்குப் பழகிய கேள்வி தானாக வந்தது.

"உள்ள ஆளு இருக்காங்களா?"

"ஒரு அம்மாவும் குழந்தையும்மா. அழறாங்க."

"கதவை யாரும் நெம்ப வேண்டாம். வெளிய நின்னு பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க. இதோ ஆள் வரும்."

மெக்கானிக்கின் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். இடத்தை மட்டும் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. கொழுந்தன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரைமணி கழித்து வாட்ச்மேன் கூப்பிட்டான்.

"வெளிய வந்துட்டாங்கம்மா. குழந்தை சிரிக்குது. சார்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்," என்றாள்.

கூடத்துக்குப் போய், ஒரு நாற்காலியை அவர் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.