ஐந்தாவது தட்டு

விழுப்புரத்து நர்சிங் கல்லூரி ஒன்றில் அன்புச்செல்விக்கு 'படம் காட்டுற மிஸ்' என்று பெயர். சக ஆசிரியைகள் வைத்த பெயர், கொஞ்சம் பொறாமையும் உண்டு. இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தால் தூங்கி வழிகிற பிள்ளைகள், அவள் கம்ப்யூட்டரில் வரைந்து ஓடவிடும் கார்ட்டூனுக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் காட்டு வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள். அதனால்தான் குழந்தையின் தொண்டையில் சிக்குகிற பொருளாக அவர்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை அவள் வரைந்தாள்.

அந்தப் படத்தில் குழந்தையின் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். மூச்சுக்குழாயில் மல்லாட்டைப் பருப்பு சிவப்பாக மின்னும். குப்புறப் போட்டு முதுகில் ஐந்து தட்டு. ஐந்தாவது தட்டில் பருப்பு துள்ளி விழ, குழந்தை பொக்கைவாய் திறந்து சிரிக்கும். தட்டியும் வராவிட்டால் என்ன செய்வது என்றும் முதலில் வரைந்துதான் வைத்திருந்தாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க நீளமாக இருக்கிறது என்று பிள்ளைகள் சிணுங்கவே, அதை வெட்டிவிட்டாள். வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சொன்னாளா என்பது அவளுக்கே நினைவில்லை.

அன்று மதியம் காலி வகுப்பறையில் அந்தப் படத்தைத் திரையில் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சங்கவி போன் செய்தாள். இரண்டாம் வருஷ மாணவி, திண்டிவனம் தாண்டி ஒலக்கூர்ப் பக்கம் ஊர்.

"மிஸ், நாளைக்கும் லீவு வேணும் மிஸ். அக்கா ஊட்ல மல்லாட்டை உரிச்சிக்கினு இருக்கோம். கையெல்லாம் மண்ணு, ஸ்பீக்கர்ல போட்டுக்கினு பேசறேன்."

"இப்படியே லீவு போட்டுக்கினு இருந்தா..." என்று அன்புச்செல்வி ஆரம்பிக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமியது. அக்கா அருணாவின் பத்து மாதப் பிள்ளை. அருணாவின் மாமியார் வீரம்மாள் சிரித்தாள்.

"பொரை ஏறிச்சாடா? உங்கப்பன் நெனைச்சிக்கினான் போல." உச்சந்தலையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

இருமல் நின்றுவிட்டது.

அன்புச்செல்விக்குத் தெரியும்: இருமுகிற வரைக்கும் பயமில்லை, சத்தம் நின்றால்தான் ஆபத்து. "சங்கவி! கொழந்தை அழுவுதா?"

"இல்ல மிஸ். வாயத் தொறக்கறான், சத்தமே வரல... ஐயோ, ஒதடு நீலமா ஆவுது!"

அருணா அலறினாள். தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒரு குரல். "தள்ளுங்கடி, நான் வெரலு வுட்டு எடுக்கறேன்" என்று வீரம்மாள்.

"வெரலு வுடாதீங்க அத்தே! இன்னும் உள்ள போயிடும்! குடுங்க இப்டி!" சங்கவியின் குரல் அப்படி அதட்டி அன்புச்செல்வி கேட்டதே இல்லை. பிறகு தட்டுகிற சத்தம். ஒன்று, இரண்டு... அவளும் கூடவே எண்ணினாள். ஐந்து.

"மிஸ்! அஞ்சு தட்டும் தட்டிட்டேன். வரல மிஸ்!"

எல்லாம் தெரிகிற உடம்பை வரைந்தவள் அன்புச்செல்வி. இப்போது ஒன்றுமே தெரியவில்லை, வெறும் சத்தம்தான்.

"மல்லாக்கத் திருப்பு. தலை தாழ இருக்கட்டும். மார்க்காம்பு ரெண்டுக்கும் நடுவுல, கொஞ்சம் கீழ, ரெண்டு வெரலு வெச்சி அஞ்சு அமுக்கு."

"படத்துல அது இல்லியே மிஸ்!"

"இல்லம்மா. நான்தான் வெட்டிட்டேன். நீ பண்ணு கண்ணு. வரலன்னா மறுபடியும் குப்புறப் போட்டுத் தட்டு. வுட்டுடாத. யாராச்சும் நூத்தியெட்டுக்குப் போடுங்க!"

போன் அறுந்தது.

அன்புச்செல்வி திருப்பிக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள். அதே பல்லவி. இங்கே திரையில் படம் தன்பாட்டுக்கு ஓடி முடிந்து மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து தட்டு, பருப்பு விழுந்தது, குழந்தை சிரித்தது. ஐந்து தட்டு, சிரித்தது. மாரியாத்தா, அந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்ளாதே என்று வாய்விட்டே கெஞ்சினாள். கூழ் ஊற்றுகிறேன், தீ மிதிக்கிறேன், என்ன வேண்டுமானாலும் கேள் என்றாள்.

போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை. தொண்டை கிழியக் கத்துகிற குழந்தையின் அழுகை மட்டும்.

"மூணாவது வாட்டிதான் மிஸ் வந்துச்சு" என்று சங்கவி விம்மினாள். "உங்க படத்துல சிரிக்குமே மிஸ், இவன் கத்தறான், நிறுத்தவே மாட்டேங்கறான்."

"கத்தட்டும்டி, நல்லாக் கத்தட்டும். ஜல்தியா திண்டிவனத்துக்குத் தூக்கிக்கினு போங்க. டாக்டர் பாத்தே ஆவணும்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது சங்கவியின் வகுப்புப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்புச்செல்வி படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். ஐந்தாவது தட்டு விழுந்ததும், பருப்பு துள்ளுவதற்கு முன்னால், நிறுத்தினாள்.

"வரல" என்றாள். "இப்ப என்ன பண்ணுவீங்க?"

ஒரு கைகூட உயரவில்லை.