எந்த ரத்தம்

வானம் வெளுக்கும் முன்பே மத்தி வந்துவிட்டது. ஸஃபி துறைமுகத்திலிருந்து வந்த லாரி பின்பக்கமாக உறுமிக்கொண்டு மீன் தொழிற்சாலையின் கூடத்துக்குள் நுழைந்தது. கதவைத் திறந்ததும் பனிக்கட்டியும் மீனும் கலந்து தொட்டிகளில் சரிந்தன. மேசைகளின் இருபுறமும் பெண்கள் வரிசைகட்டி நின்றார்கள். வெள்ளைக் கோட்டு, ரப்பர் பூட்ஸ், தலைத்துணிக்கு மேல் வலைத்தொப்பி. மீனை எடுக்க வேண்டும், தலையை அறுக்க வேண்டும், அதே இழுப்பில் குடலை உருவி எறிய வேண்டும், வாலை நறுக்கித் தகரப் பெட்டியில் படுக்கவைக்க வேண்டும். முதல் தொட்டி தீர்வதற்குள் விரல்கள் மரத்துவிடும். மரத்த பிறகு கத்தி பட்டாலும் உறைக்காது. பெட்டிக்குள் சிவப்பாக ஏதாவது தெரிந்தால்தான் அறுத்துக்கொண்டதே தெரியும்.

யம்னாவுக்கு அன்று மாதவிலக்கின் இரண்டாம் நாள். அடிவயிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இழுத்தது. மேசையிலிருந்து வழியும் உப்புத் தண்ணீர் கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கி, நாப்கினை ஊறவைத்து, தொடையிடுக்கில் மணலாக அறுத்தது. கழிப்பறைக்குப் போக வேண்டும். சாவி மேற்பார்வைக்காரி கன்ஸாவின் இடுப்பில் தொங்கியது. மீன் வந்து இறங்கிய வேளையில் அவளிடம் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்று.

"லல்லா கன்ஸா, ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்," என்றாள் யம்னா, மரியாதைக்கு 'லல்லா' போட்டு.

"மீனு உனக்காகக் காத்துக்கிட்டிருக்குமா? தொட்டி தீரட்டும்."

யம்னா பக்கத்தில் நின்ற இஜ்ஜாவின் முழங்கையை இடித்தாள். "பின்னால பாருடி."

இஜ்ஜா கத்தியை நிறுத்தாமலே தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணும் தெரியல அக்கா. ஆனா குனியாதீங்க."

அந்தத் தொழிற்சாலையில் பெண்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி அதுதான். கோட்டில் கறை தெரிந்தால் கன்ஸா அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுவாள், அன்றைய கூலி போய்விடும். அது போனால்கூடப் பரவாயில்லை. மீன்கூடை தூக்கும் ஆண்கள் பார்க்கப் பார்க்க அந்த நீளக் கூடத்தை நடந்து கடக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தெரு ஹம்மாமில் வைத்துத்தான் ஸஹ்வா அதைக் காட்டினாள். ஆவி மூடிய அந்தக் குளியலறையில் எல்லோரும் சமம். மேலாளும் கிடையாது, கோட்டும் கிடையாது. அவர்களோடு மேசையில் நிற்கும் ஸஹ்வா போன பருவத்தில் ஸ்பெயினில் ஸ்ட்ராபெர்ரி பறித்துவிட்டு வந்தவள். வாளிகளுக்கு நடுவே துண்டைப் பிரித்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து யம்னாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னடி இது, கொழந்தைக்கு மருந்து ஊத்தறதா?"

"மாசம் வரும்போது உள்ள வெக்கிற கப், அக்கா. இது ரத்தத்த உறிஞ்சாது. புடிச்சு வெக்கும். காலைல போட்டா சாயங்காலம் கொட்டிக் கழுவிப் போட்டுக்கலாம்."

"உள்ளயா!" யம்னா குப்பியைக் கீழே போட்டாள். அது சோப்புத் தண்ணீரில் வழுக்கி ஓட, இரண்டு பேர் நிர்வாணமாகத் தவழ்ந்து அதைப் பிடித்தார்கள். சிரிப்பு ஹம்மாமின் கூரையில் முட்டியது.

"ஏன், டாம்பன்னு பஞ்சு விக்கிறானே, அது போதாதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அத நேரத்துக்கு மாத்தணும். வயல்ல எங்க போயி மாத்தறது? எங்க கூட இருந்தவ ஒருத்தி மறந்துட்டு நாள் முழுக்க விட்டுட்டா. காய்ச்சல்ல பெனாத்த ஆரம்பிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். இதையும் நாள் முழுக்க மறக்கக் கூடாது. கை சுத்தமா இருக்கணும், கழுவத் தண்ணி வேணும். அவ்வளவுதான்."

இஜ்ஜா மட்டும் சிரிக்கவில்லை. "கல்யாணமாகாதவங்க?" என்றாள், காதில் விழுந்தும் விழாத குரலில். அவளுக்கு நிச்சயமாகியிருந்தது. முதலிரவு விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் ரத்தம் பட்ட படுக்கைத் துணியைப் பார்க்கக் கேட்பார்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தாள்.

"இதப் போட்டாலும் நீ அதே பொண்ணுதான்டி," என்றாள் ஸஹ்வா.

"எனக்குத் தெரியும் அக்கா. எங்கம்மாவுக்கு யாரு சொல்றது?"

விவாகரத்தான பின் யம்னா அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். ஏழு பேருக்கு ஒரே கழிப்பறை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளிருப்பவர் காலால் அடைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் அங்கேதான் அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். மடித்தாள், கையை விட்டுத் துள்ளி விழுந்தது. கழுவி மறுபடி மடித்தாள். வலித்தது. வேர்த்தது. வெளியே அண்ணி கதவைத் தட்டினாள்: "உள்ள தூங்கிட்டியா?" ஒரு வழியாக உள்ளே போனதும் திறந்துகொண்டதுபோல் ஓர் அசைவு, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. எடுக்கும்போதுதான் உயிர் போயிற்று. இழுத்தாள், வரவில்லை. இனி டாக்டரிடம் போய்க் காலை விரித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று கண்ணில் நீர் முட்டியது. ஸஹ்வா சொன்னது நினைவுக்கு வந்தது: இழுக்காதே, அடியில் அழுத்து, மூச்சை விடு. மூச்சை விட்டாள். வந்துவிட்டது. தன் ரத்தத்தை அப்படித் தெளிவாக அவள் அதுவரை பார்த்ததே இல்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பயந்தோம் என்றிருந்தது.

அந்த மாதம் மேசையில் அவள் யார் முழங்கையையும் இடிக்கவில்லை. குனிந்தாள், நிமிர்ந்தாள், தொட்டியை எட்டிப் பிடித்தாள். தொடை புண்ணாகவில்லை. தேநீர் வேளையில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே மற்றவர்களிடம் சொன்னாள். ஸஹ்வா தன் அத்தை மகள் மூலம் இன்னும் சில வரவழைத்தாள். பிள்ளை பெற்றவர்கள் முதலில் துணிந்தார்கள். சிலருக்கு ஒத்துவந்தது, சிலருக்கு ஒத்துவரவில்லை. மூத்தவள் ம்பார்க்கா, "என் ஒடம்பு கதவு கிடையாது, தெறந்து மூட," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

சிரிப்பு கன்ஸாவின் காதுக்குப் போனது. அங்கிருந்து முதலாளியின் மாடியறைக்குப் போனது.

பழுப்பு நிற சூட்டில் முதலாளி ஸி இத்ரீஸ் கூடத்துக்கு இறங்கி வந்தார். கூடவே மீன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிப் பெண்கள் இருவரும் புகைப்படக்காரர் ஒருவரும். மேசைமேல் நாடா கட்டிய சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கப். "என் சகோதரிகளே," என்றார் ஸி இத்ரீஸ். "உங்க கௌரவம் என் கௌரவம். இந்த ஊர்ல எந்த முதலாளியும் செய்யாதத நான் செய்யறேன்." பெட்டிகளைத் தன் கையாலேயே கொடுத்தார். வெளிநாட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். ஆண்கள் சுவரோரமாக நின்று இளித்தார்கள். இஜ்ஜா பெட்டியை வாங்கும்போது அவள் முகம் மேசையிலிருந்த மீனைவிட வெளிறிப்போனது. யம்னாவைத்தான் எல்லாருக்கும் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

வெளிநாட்டுப் பெண்களின் வண்டி கிளம்பிப் போன மறுநாள் கழிப்பறைக் கதவில் இரண்டாவதாக ஒரு பூட்டுத் தொங்கியது. இனி வேலை முடிந்த பிறகுதான் திறக்கும் என்றாள் கன்ஸா. உள்ளே குழாயையும் நிறுத்திவிட்டார்கள். ஊரே தண்ணீருக்குத் தவிக்கிறதாம்.

ஸி இத்ரீஸ் மேற்பார்வை பார்க்க வந்தபோது யம்னா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஸி இத்ரீஸ், கதவ ஏன் பூட்டினீங்க?"

"இன்னும் எதுக்கும்மா கழிப்பறை? கப் கொடுத்திருக்கேனே. நாள் முழுக்கத் தாங்கும்னு நீதானே எல்லாருக்கும் சொன்னே?"

"ரத்தம் தாங்கும். மூத்திரம் எங்க போறது?"

யாரோ களுக்கென்று சிரித்து, பாதியிலேயே அடக்கிக்கொண்டார்கள். ஸி இத்ரீஸ் முகம் மாறவில்லை. "காலைல கம்மியா குடிச்சிட்டு வாங்க. நோன்பு மாசத்துல தாங்கலியா? நான் பிச்சை போட்டேன், நீங்க பாத்திரத்தப் பத்தி சண்ட போடறீங்க."

அவர் போனதும் ம்பார்க்கா யம்னாவின் பக்கம் திரும்பினாள். "முன்னாடி கெஞ்சினா நாலு தடவைக்கு ஒரு தடவ தெறப்பாங்க. இப்ப அதுவும் போச்சு. உன் நாக்கு சும்மா இருந்திருக்கலாம் யம்னா."

யம்னா அடுத்த மீனை எடுத்தாள். அது உண்மை என்றே தோன்றியது. தன் உடம்புக்குக் கிடைத்த துளி விடுதலையைத் தோழிகளோடு பகிர்ந்துகொண்டாள். அதையே சங்கிலியாக அடித்து எல்லோர் காலிலும் மாட்டிவிட்டான் முதலாளி. மீன் அதிகமாக வந்த ஒரு நாளில் அவளுக்கே கப் நிரம்பி வழிந்தது. கழுவத் தண்ணீரில்லை, திறக்கக் கதவில்லை. கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மத்தியின் தலைகளை அறுத்துக்கொண்டே நின்றாள். நாலு பக்கமும் சுவர். ஒரு பக்கச் சுவரைத் தானே கட்டிக் கொடுத்ததுபோல் இருந்தது.

இஜ்ஜா தன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. துணியை இரட்டையாக மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். உதடு வெடித்திருந்தது, மூத்திரம் போகும்போது நெருப்பாக எரிகிறது என்று யம்னாவிடம் மட்டும் சொன்னாள். "டாக்டர்கிட்ட போடி" என்றால், "லீவு யாரு தருவா?" என்பாள்.

அது பாய்லர் பக்கமிருந்து அனல் அடித்த ஒரு முற்பகல். யம்னா ஒரு மீனைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பக்கத்தில் இஜ்ஜா இல்லை. கீழே கிடந்தாள். விழும்போது கத்தி உள்ளங்கையைக் குறுக்காகப் பிளந்திருந்தது. மீன் குடலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவே வெள்ளைக் கோட்டு சிவந்துகொண்டே போனது.

கன்ஸா ஓடிவந்தாள். குனிந்தாள். இஜ்ஜாவின் கையைப் பார்க்கவில்லை. கோட்டின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது எந்த ரத்தம்?"

கூடம் முழுக்க அது கேட்டது. கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன.

யம்னா மண்டியிட்டு இஜ்ஜாவின் கையைத் தன் தலைத்துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கன்ஸாவைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. அந்தக் கேள்வி தனக்குள்ளும் எத்தனை காலமாக இருந்தது என்பதுதான் உறைத்தது. கையில் வந்தால் காயம், அங்கே வந்தால் குற்றம். கையில் வந்தால் கட்டுப் போடுவார்கள், அங்கே வந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். பின்னால் பாரு, பின்னால் பாரு என்று இத்தனை காலமும் தாங்களே ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"மனுஷ ரத்தம் லல்லா," என்றாள் யம்னா. "எல்லாம் ஒரே ரத்தம்."

ஸஹ்வாவும் ஒரு கூடைக்காரரும் இஜ்ஜாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். ஸி இத்ரீஸ் மாடிப்படியில் பாதி இறங்கி நின்றார்.

"பாத்தாச்சில்ல? அவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. கத்திய எடுங்க. லாரில மீனு வெய்யில்ல நிக்குது."

யாரும் எடுக்கவில்லை. யம்னா எழுந்தாள். கூடைக்காரர்கள் பார்க்கிறார்கள், பாய்லர்காரர் பார்க்கிறார். சொல்லப்போவதை இதுவரை எந்த ஆணின் முன்னாலும் அவள் சொன்னதில்லை.

"ஸி இத்ரீஸ், எங்களுக்கு மாசாமாசம் ரத்தம் வருது. உங்கம்மாவுக்கும் வந்துச்சு, அதனாலதான் நீங்க இங்க நிக்கறீங்க. அத எதால பிடிக்கணும்னு எங்க ஒடம்பு முடிவு பண்ணும். கப்பா, துணியா, நாப்கினா, அது எங்க பாடு. கதவத் தெறந்து வெக்கணும், குழாய்ல தண்ணி விடணும். அது உங்க பாடு."

"வெக்கமில்லாம ஆம்பளைங்க முன்னாடி..."

"எங்கள ஆம்பளைங்க முன்னாடி நிக்கவெச்சுப் பெட்டி கொடுத்துப் படம் எடுத்தீங்களே, அன்னிக்கு எங்க போச்சு வெக்கம்?"

சுவரோரம் நின்ற கூடைக்காரர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இளிப்பு எந்த முகத்திலும் இல்லை.

"பிடிக்கலேன்னா வெளிய போ. வாசல்ல நூறு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. கன்ஸா, காவலாளியக் கூப்பிடு!"

கன்ஸா அசையவில்லை. இஜ்ஜாவின் ரத்தம் பட்ட தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே போனால் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்பது யம்னாவுக்குத் தெரியும். திரும்பிக் கத்தியை எடுத்தால், இனி ஒருநாளும் கீழே வைக்க முடியாது என்பதும் தெரியும். அப்போது ம்பார்க்கா மேசைக்குப் பின்னாலிருந்து வந்தாள். எதிரில் நின்று யம்னாவை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"நாக்கு சும்மா இருக்கலாம்னு சொன்னேன்ல? தப்பா சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு, மூட்டுவலியில் முனகிக்கொண்டே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். "நான் எங்கயும் போகல. மீனும் அறுக்கல. இங்கயே உக்காந்திருக்கேன்."

யம்னா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு எதிர்மேசையிலிருந்து இருவர். பிறகு அந்த வரிசை முழுவதும். குடலும் செதிலும் கிடந்த தரையில் வெள்ளைக் கோட்டுகள் கறையைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தன. தகரப் பெட்டி மூடும் கூடத்துப் பெண்கள் கதவருகில் வந்து எட்டிப் பார்த்தார்கள். "என்ன ஆச்சு?" என்ற கேள்விக்கு வரிசையிலிருந்து வரிசைக்குப் பதில் போனது. கொஞ்ச நேரத்தில் மூடும் மெஷின் முக்கி நின்றது.

ஸி இத்ரீஸ் மாடியில் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். போலீஸ் வரலாம். நாளைக்கு வேறு பெண்களைப் பிடித்து வரலாம். இனி யம்னாவுக்கு அண்ணன் வீட்டில் கதவு திறக்குமோ என்னவோ. தொட்டிகளில் பனி உருகி மத்தியின் வாடை ஏற ஆரம்பித்தது. யாரும் பாடவில்லை, கோஷம் போடவில்லை. ஒருத்தி தன் ரொட்டியைப் பிட்டு வலப்பக்கமும் இடப்பக்கமும் கொடுத்தாள்.

பிற்பகலில் பெரிய கதவின் இடுக்கு வழியே ஸஹ்வா நுழைந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இஜ்ஜா. கை பெரிய கட்டாக வீங்கியிருந்தது. முகத்தில் இன்னும் ரத்தம் ஏறவில்லை.

"இங்க எதுக்குடி வந்தே? வீட்டுக்குப் போய்ப் படு," என்றாள் யம்னா.

"டாக்டரும் அதத்தான் சொன்னாரு. தையல் போட்டாரு, எரிச்சலுக்கு மாத்திரையும் குடுத்தாரு." இஜ்ஜா கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். "எனக்கு எடம் இருக்கா?"

ம்பார்க்கா முழங்காலை மடக்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவளும், அவளுக்கு அடுத்தவளும். வரிசை முழுவதும் சரசரவென்று நகர்ந்து கொடுத்தது.