வாடை வெளியே நின்ற ஓட்டம்

1983ஆம் ஆண்டு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றர் ஓடிய யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெர்னடெட், முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்க முடியாமல், மதிலுக்கு மேலால் போய்ச் சின்னக்கடை மீன் சந்தையில் இறங்கினாள். நண்டு விற்றுக்கொண்டிருந்தவர்கள் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்கள். வாடைக் காற்றுதான் அவளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது என்பது குருநகர் முழுக்கத் தெரிந்த விஷயம். ஏன் தள்ளுகிறது என்பதும் தெரியும். அவள் பிறந்த மாரியில் மழை விடாமல் கொட்டி, வீட்டில் ஒரு சேலையும் காயவில்லை. தாய் மக்டலீன் வேறு வழியில்லாமல் வள்ளத்துப் பழைய பாய்ச்சீலையில் ஏணை கட்டிப் பிள்ளையைக் கிடத்தினாள். அந்த வழியால் வந்த காற்று எட்டிப் பார்த்து, பாயில் ஆடுகிறது, ஆகவே இது வள்ளம் என்று முடிவுகட்டிவிட்டது. காற்று ஒன்றை நினைத்துவிட்டால் அதை மாற்றுவது லேசான காரியமில்லை.

பிறகு வந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அவள் ஓடாத மைதானம் இல்லை, தோற்ற மைதானமும் இல்லை. சண்டை வந்தது, பாதை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. வாடை மட்டும் எந்தச் சோதனைச் சென்றியிலும் இறங்கி நிற்காமல் அவளோடு பஸ்ஸில் போய்வந்தது. ஆனால் ஓடுபாதையின் ஓரத்தில் காற்றை அளக்கும் கருவி ஒன்று வைப்பார்கள். பின்காற்று அளவுக்கு மிஞ்சினால் ஓடிய நேரம் செல்லாது. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுவிட்டு நேரத்தைக் கோடிழுத்து அடித்துவிடுவார்கள். ஒருமுறை அந்தக் கருவியே கழன்று பறந்துபோய்விட்டது. "காத்தெல்லோ ஓடுது, உவள் சும்மா ஏறியிருந்து போறாள்," என்று சந்தையில் கதைத்தார்கள். பெர்னடெட்டுக்கு அது பொறுக்க முடியாத அவமானமாக இருந்தது. நாளாக ஆக, கால்கள் தன்னுடையவைதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. காற்றில்லாமல் ஒரே ஒரு நேரம், தன் பெயரில் வேண்டும். வேறு எதற்கும் அவள் ஆசைப்படவில்லை.

1989ஆம் ஆண்டு மாசியில், குளிர்தேசம் ஒன்றில், கூரைக்குக் கீழே நடக்கும் சர்வதேசப் போட்டிக்கு அவளை அனுப்பினார்கள். நாட்டுப் பெண்கள் எல்லோரையும் வென்றவள், அனுப்பாமல் என்ன செய்வது? மண்டபத்துக்குள் பெண்களுக்கு அறுபது மீற்றர் ஓட்டம். நாலு பக்கமும் சுவர், கதவெல்லாம் அடைப்பு, காற்றை அளக்கும் கருவியே கிடையாது. வாடையும் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே போனது. விமானம் நேரத்துக்கு முந்தி இறங்கியதற்கு விமானி பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

முதற் சுற்றில் அவள் வழக்கம்போல நெஞ்சை விரித்து, கைகளைத் தளரவிட்டு, தள்ளுவதற்காகக் காத்தபடி ஓடினாள். யாரும் தள்ளவில்லை. கால்கள் சேற்றில் தட்டிய வள்ளமாகக் கனத்தன. கடைசி ஆளாக, மயிரிழையில், இறுதி ஓட்டத்துக்குத் தேறினாள். சந்தை சொன்னதுதான் சரி என்று உடை மாற்றும் அறையில் இருந்து அழுதாள். வெளியே வாடை கதவுகளை இடித்துக்கொண்டிருந்தது. பின்கதவின் கொளுக்கியைத் தட்டிவிட்டால் போதும், வெற்றி நிச்சயம். அவள் போய்க் கொளுக்கியில் கையும் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்குத் தகப்பனின் குரல் ஞாபகம் வந்தது. காற்று விழுந்த நாட்களில் கிறகோரி பாயைச் சுருட்டிவிட்டு, மகளைப் பக்கத்தில் இருத்தித் தண்டுத் துடுப்பைக் கையில் கொடுப்பார். "காத்தைப் பாத்துக்கொண்டிருந்தா மீன் நாறிப்போம். வலி பிள்ளை!" பெர்னடெட் கொளுக்கியிலிருந்து கையை எடுத்தாள். "நீ உதிலை நில்," என்று கதவுக்கு அப்பால் சொன்னாள். "நான் தண்டு வலிச்சு வாறன்."

வாடை படிக்கட்டில் குந்தியது. அந்த நகரத்தில் விழுந்துகொண்டிருந்த பனி விழாமல் நடுவானிலேயே நின்றது. குருநகர்க் கடலில் பாய்கள் தொய்ந்தன, தேவாலயக் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. "காத்து பிள்ளையிட்டைப் போயிட்டுது," என்று பக்கத்து வள்ளத்துச் சிமியோனிடம் சொல்லிவிட்டுக் கிறகோரி தண்டை எடுத்தார்.

இறுதி ஓட்டத்துக்குத் துவக்கு வெடித்ததும் பெர்னடெட் குனிந்து, இரண்டு கைகளாலும் கடலை இழுப்பதுபோல வலித்தாள். தன் காலடிச் சத்தம் முதன்முதலாக அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது. எவ்வளவு அழகான சத்தம்! கோட்டைத் தாண்டியபோது அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பலகையில் அவள் பெயரும் நேரமும் விளக்காய் எரிந்தன, நேரத்தை ஒருவரும் அடிக்கவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

வாடை அவளுக்கு முந்தியே ஊர் வந்து, கொண்டுவந்த பனியைக் கிறகோரியின் வீட்டுக் கூரையில் மட்டும் கொட்டியது. ஐஸ் தட்டுப்பாடான கிழமை அது. மக்டலீன் பனியை வாரி இறால் பெட்டிகளுக்குள் போட்டாள். பிள்ளை வென்றுவிட்டாள் என்று அவளுக்கு அப்போதே தெரியும். தோற்றிருந்தால் காற்று வெறுங்கையோடுதான் வந்திருக்கும்.

அடுத்த மாரியில் யாழ்ப்பாண மைதானத்தில் பெர்னடெட் ஓடினாள். சந்தையே திரண்டு வந்திருந்தது. அவள் கோட்டைத் தாண்டும்வரை காற்றுக் கருவி அசையவில்லை. அதிகாரி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, காற்று இல்லை என்று எழுதி, அவளுடைய நேரத்தையும் பக்கத்தில் எழுதினார். அதன் பிறகுதான், மூச்சிரைக்க, எல்லோருடைய தொப்பியையும் தட்டிக்கொண்டு வாடை வந்துசேர்ந்தது.

"ரெண்டாவது," என்றாள் நண்டு விற்பவள். காற்றுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கிறகோரிதான் கரைக்குப் போய்ப் பாயை விரித்து அதை வீட்டுக்குக் கூட்டிப் போனார்.