பெல்லைத் தொடாதே

பெல்லை அழுத்தப் போன விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள் மருமகள்.

கேஸ் வாடை. கதவிடுக்கு வழியாகக் குப்பென்று வந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பவள் அவள். ஸ்விட்சில் தெறிக்கும் ஒரு பொறி என்னவெல்லாம் செய்யும் என்று அவளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. போன் போட்டாலும் அதே பயம். உள்ளே மாமியாரும், ஜலதோஷத்துக்கு லீவு போட்ட ஏழு வயது மகளும். கதவில் உள்தாழ்ப்பாள்.

உள்ளங்கையால் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான் அத்தை. கதவைத் திறங்க. எதையும் பத்த வைக்காதீங்க. கேஸ் லீக் ஆகுது."

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. போன வாரத்து ஜலதோஷம் மூக்கை விட்டுத் தொண்டைக்கு இறங்கியிருந்தது. காலையில் கரகரத்த குரல், வேலையிடத்தில் கத்திக் கத்தி அடியோடு போய்விட்டது. சீக்கிரம் கிளம்பி வந்ததே அதனால்தான்.

"நான்தான்னா யாரு? பெல் அடிங்க. ஒரு நீளம், ரெண்டு குட்டை. இல்லேன்னா திறக்க மாட்டேன்."

"பெல் அடிச்சா வீடே போயிடும்."

"கேஸ் லீக்குன்னு சொல்லிக்கிட்டு ஆளுங்க வருவாங்கன்னு என் மருமக முன்னாடியே சொல்லிட்டா. போங்க, போய் வேற வீட்டைப் பாருங்க."

மருமகள் பல்லைக் கடித்தாள். சொன்னவள் அவளேதான். 'ஒரு தப்பு நடந்தாலும் பாப்பாவைக் காப்பகத்துல விட்டுடுவேன், நீங்க உங்க பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம்' என்று மிரட்டி வைத்திருப்பவளும் அவளே.

காலடிகள் விலகின.

"வாடி வாலு, வெந்நீர் வச்சு ஆவி பிடிக்கலாம். மூக்கு இன்னும் அடைச்சிருக்கா? ஏதாவது வாசனை தெரியுதா?"

"ஒண்ணுமே தெரியல பாட்டி."

"நல்லா இழுத்துப் பாரு."

"ம்ஹூம்."

"சரி, லைட்டரை எடு."

மருமகள் கதவோடு வாயை ஒட்டவைத்து, இருக்கிற தொண்டையையெல்லாம் திரட்டினாள்.

"அத்தை, என் நீலச் சட்டையைக் கொதிக்கிற தண்ணில போட்டு, பொம்மைக்கு அளவாக்கினது யாரு? கேட்டதுக்கு, சட்டை சுருங்கல, நீதான் ஊதிட்டேன்னு சொன்னது யாரு?"

காலடிகள் கதவை நோக்கித் திரும்பி வந்தன.

"பாட்டி, அது அம்மா."

"அவளேதான். செத்தாலும் அந்தச் சட்டையை விட மாட்டா."

தாழ்ப்பாள் விலகியது. மகளை அள்ளி வெளியே விட்டாள். மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு ஓடி, சிலிண்டரை மூடி, ஜன்னல்களை அகலத் திறந்தாள். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது.

திரும்பி வந்தபோது பாட்டியும் பேத்தியும் மாடிப்படியில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். லைட்டர் இன்னும் குழந்தையின் கையில்.

"இவளுக்கு மூக்கடைப்பு, சரி. உங்களுக்கு ஜலதோஷமே இல்லையே அத்தை. இந்த வாடையில எப்படி உட்கார்ந்திருந்தீங்க?"

மாமியார் தரையையே பார்த்தாள்.

"சொல்லிடவா பாட்டி?"

"வேணாம்டி."

குழந்தை பாட்டியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டிக்கு வாசனையே தெரியாதும்மா. ரொம்ப நாளாவே. தெரிஞ்சா நீ அனுப்பிடுவியாம். பால் தீயறது, பழம் அழுகறது எல்லாம் நான்தான் மோந்து பார்த்துச் சொல்வேன். பாட்டி மேல தப்பில்ல. இன்னிக்கு என் மூக்குதான் அடைச்சிடுச்சு."