மூன்றாம் மாடியில் துகள் மழை

மயிலாப்பூர் வாழ் பெருமக்களுக்குத் தெரிவிப்பது யாதெனில், உலகத்தின் எந்த மூலையில் பூமி பிளப்பதாக இருந்தாலும் அந்தச் சேதி முதலில் எங்காத்து மூன்றாம் மாடிக்கு, இஸ்திரி போடாத புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குத்தான் வந்து சேரும்... என்று இந்நேரம் தி.நகர் ஹாலில் மைக்கைப் பிடித்து முழங்கிக்கொண்டிருப்பார் என் கணவர் சுந்தரராமன், ரிட்டயர்ட் இயற்பியல் புரொபசர், கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் காபிக்காக வந்தவர்கள், நான் இங்கே துணி மடித்துக்கொண்டு, டிக்... டிக்... விண்வெளியிலிருந்து விழும் துகள் ஒவ்வொன்றுக்கும் பெட்டி ஒரு டிக் சொல்லும், தளத்தையும் என் தலையையும் துளைத்துக்கொண்டு போகுமாம், போகட்டுமே, இவர் பேச்சே போய்வருகிற தலைதானே, பூகம்பத்துக்கு முன்னால் பூமிக்கு அடியில் அழுத்தம் கூடிவரும்போது பூமியின் காந்தம் லேசாகப் புரளலாம், புரண்டால் இந்தத் துகள் மழை கூடலாம் குறையலாம் என்று எவரோ எழுதிய கட்டுரையில் இருந்த ‘லாம்’களை மட்டும் இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்... டிக்... என்ன, இடைவெளி நீள்கிறதோ? மழை விட்ட பிறகு ஜன்னல் கம்பியில் கடைசிச் சொட்டு தயங்குமே, அப்படி...

போன தை மாதமும் இப்படித்தான் குறைந்தது, இவர் உடனே ஜப்பானுக்கு ஃபோன் போட்டு “ஷ்ரேயா, கொழந்தையத் தூக்கிண்டு வெளில ஓடு” என்று அலற, என் பெண் அந்தக் குளிரில் பச்சைக்குழந்தையோடு பார்க் பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்து, குழந்தைக்கு நிமோனியா, பூமியோ ஒரு இம்மி அசையவில்லை. டிக் குறைந்ததற்குக் காரணம், பெட்டிக்கு நேர் மேலே மொட்டைமாடியில் அசோசியேஷன் வைத்த புதுத் தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிறைந்தால் தண்ணீர் கொஞ்சம் துகளைத் தடுக்கும், டிக் குறையும், காலியானால் பழையபடி டிக்டிக்டிக், பிரபஞ்ச ரகசியம் மோட்டார் சுவிட்சில்! கண்டுபிடித்தவள் நான்தான், கபாலி கோயில் பிரதட்சிணத்தில்கூட எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாயிற்று. ஷ்ரேயா சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை மெஷின் பேச்சை எடுத்தா, நீயும் சரி அப்பாவும் சரி, எனக்கு ஃபோனே பண்ணாதீங்கோம்மா.”

டிக்... அப்புறம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, டிக். பால்கனியிலிருந்து வாட்ச்மேன் பக்கிரியைக் கூப்பிட்டேன், தொட்டி நிறைஞ்சிருக்காப்பா? “காலையிலயே ரொப்பிட்டேன், ஃபுல்லா கீது. இன்னா ஜானும்மா, சார் பூகம்பம் வுடறாரா? லுங்கியோட ஓடணுமா, பேண்ட்டு மாட்டிக்கட்டா?” அப்பாடா, அவன் சிரித்தான், நானும் சிரித்தேன், தண்ணீர்தான், தண்ணீரேதான், ஆனால் தண்ணீருக்கு இவ்வளவா குறையும்? அன்றைக்கு இவ்வளவு குறையவில்லையே... டம்ளரில் காபி ஏடு அசைந்ததா, ஃபேன் காற்றுடி அசடே, காக்காய்கள் எங்கே, மத்தியானத்தில் எந்தக் காக்காய் கத்தும், இவரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, பிரளயமே வந்தாலும் நன்றியுரை முடிந்துதான் எடுப்பார். ஷ்ரேயா பெயர் மேல் விரலை வைத்தேன், எடுத்தேன், இப்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்குமோ, எழுப்பினால் மகள் போய்விடுவாள், எழுப்பாவிட்டால்... சீ, தொட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டால் தீர்ந்தது, நிறைந்திருந்தால் இறங்கிவந்து மிச்சத் துணியை மடிக்கலாம்.

புடவையைச் செருகிக்கொண்டு மொட்டைமாடி இரும்பு ஏணியில் ஏறுகிறேன், இந்த வயதில், இந்த வெயிலில், கோபுரம் அதன் இடத்தில்தான் நிற்கிறது, அதை எதற்கு நான் இப்போது சரிபார்க்கிறேன், கீழே திறந்து வைத்த கதவு வழியாக ஒரு டிக் வரும் என்று காது போகிறது, வரவில்லை, பக்கிரி பொய் சொல்ல மாட்டான், சொல்லுவான், எல்லா வாட்ச்மேனும் ஃபுல் என்றுதான் சொல்லுவான், விரல் மடக்கித் தொட்டியைத் தட்டினேன், டொம் என்றது, நிறைந்த தொட்டியும் டொம் என்னுமோ என்னவோ, எனக்கென்ன தெரியும், ஒரு கையில் ஃபோன், மறு கையால் மூடியைத் தூக்கினேன்.

தொட்டி காலி.